ஒரு நூல் மேலே

தொண்ணூற்றாறு குழி இருக்கிற தட்டு.
புதிதாகச் சேர்ந்த பையன் முதல் நாள் கேட்டான்:
"இன்னா மேடம், குட்டி இட்லி ஊத்தவா?"
சிரித்தேன்.
சிரித்த வாயோடே முகக்கவசம் மாட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டை முகாமில்
நாற்பத்துமூன்று பைகள்.
சங்கக் கட்டடத்து மாடி,
வாடகைக்கு எடுத்த மூன்று மின்விசிறி,
ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட், மாம்பழ ஜூஸ்.
முகங்கள் எனக்குத் தெரியாது.
என்னிடம் வரும்போது அவர்கள்
விரல் நீளக் குழாயில் ஒட்டிய கறுப்புக் கோடுகள்,
கோடுகளுக்குக் கீழே எட்டு இலக்கம்.

குழிக்கு ஒரு துளி.
முப்பத்தேழு டிகிரியில் அரை மணி நேரம்
இன்னும் உடம்புக்குள்தான் இருப்பதாக
அவற்றை நம்பவைக்க வேண்டும்.
பிறகு ஐந்து முறை கழுவல்.
ஒட்ட வேண்டியது ஒட்டும்,
மற்றது தண்ணீரோடு போகும்.

புத்தகத்தில் ரெட்ரோவைரஸ்.
எனக்கு அவன் தலைகீழாக எழுதுகிறவன்.
வாசலில் நிற்கும் ஆம்புலன்சின் நெற்றியில்
எழுத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்களே, அப்படி.
முன்னால் போகிறவன் கண்ணாடியில் பார்த்தால்தான்
நேராகத் தெரியும்.
இவனுக்கு நம் செல்லே கண்ணாடி.
தன்னைத் திருப்பி எழுதி
நம் பக்கத்தின் நடுவில் ஒரு வரியாக
உட்கார்ந்துகொள்வான்.

வந்த முதல் சில நாள்
எந்தத் தட்டிலும் தெரியமாட்டான்.
அதற்குச் சன்னல் காலம் என்று பெயர்.
யார் வைத்த பெயரோ.
எங்கள் ஆய்வகத்தின் ஒரே சன்னலை
ஏசி வைத்து அடைத்துவிட்டார்கள்.
மீதி இடுக்கில் தெரிவது
துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்கும்
டிரெய்லர்களின் பின்விளக்கு.

கடைசியில் அமிலம்.
நீலம் இருந்தால் மஞ்சளாகும்.
அன்று ஆறாவது வரிசை, நான்காவது குழி.
மஞ்சள் என்றுகூடச் சொல்ல முடியாது,
எலுமிச்சை பிழிந்த கையைக் கழுவிய தண்ணீர்.
எந்திரம் வாசித்தது:
கோட்டுக்கு ஒரு நூல் மேலே.

மறுபடி செய்தேன், இரண்டு குழியில்.
ஒன்று கோட்டுக்கு மேலே, ஒன்று கீழே.
நடுவில் கரண்ட் போய்
ஜெனரேட்டர் இருமிக்கொண்டே எழுந்தது.
போன் போட்டு, புது ரத்தம் வாங்கி,
பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினோம்.
ஒன்பதாம் நாள் காகிதம் வந்தது: இல்லை.

இல்லை என்றால் இல்லைதான்.
ஆனால் பை அதற்கு முன்பே போய்விட்டது.
விதியில் "ஒருவேளை"க்கு அலமாரி கிடையாது.
முந்நூற்றைம்பது மில்லி,
நூற்றிருபத்தொரு டிகிரி நீராவியில்
காபித்தூள் நிறத்துக்கு வெந்து
மஞ்சள் உறைக்குள் போனது.

பத்தாம் நாள், எட்டு இலக்கத்துக்கு மேலே
முதல்முறையாக ஒரு தலை.
தேசப்பன், நாற்பத்தொன்று, டிரெய்லர் டிரைவர்.
கவுன்சிலர் விடுப்பு. ஆகவே நான்.

"உங்களுக்கு அந்த நோய் இல்லைங்க.
ஆனா இனிமே ரத்தம் குடுக்க வேணாம்."
"இல்லன்னா இன்னாத்துக்கு வேணாம்?"
சொன்னேன். கோடு, நூல், விதி.
சாவியை மேசைமேல் திருப்பித் திருப்பி வைத்தார்.
"லாரிக்காரன்னுதானே?"
எந்திரத்துக்கு உங்க தொழில் தெரியாது என்றேன்.
உண்மைதான்.
போன் போட்ட அன்று, தொழில் என்ற கட்டத்தை
நான் இரண்டு முறை படித்ததும் உண்மை.

"நீங்க போன் பண்ணதுலேர்ந்து
தனித் தட்டு, தனி டம்ளர் வெச்சிக்கினேன் மேடம்.
யாரும் சொல்லல. நானேதான்.
பாப்பா கேட்டுச்சி. பல்லு வலின்னேன்."

அப்படியெல்லாம் பரவாது என்று தொடங்கி
பாதியில் நிறுத்திவிட்டேன்.

சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டை எடுத்தார்.
பதினான்கு முத்திரை,
மூலைகள் வியர்வையில் கூழாகியிருந்தன.
"இதெல்லாம்?"
"நல்ல ரத்தம்."
"இது?"

அட்டையை நான் வாங்கிக்கொள்ள வேண்டும்.
வாங்கவில்லை.

அவர் இறங்கிப் போனபின்
இடுக்கு வழியே பார்த்தேன்.
வரிசை நகர்ந்துகொண்டிருந்தது.
எது அவருடையது என்று தெரியவில்லை,
எல்லாவற்றின் முதுகிலும் எண்.

"மேடம்," பையன் கூப்பிட்டான்,
"இட்லி வெந்திடுச்சி."